பியூகாலிக் என்பது வயிற்றுவலி அல்ல

மனிதர்களிடம் ஊர் கேட்பது நம் பக்கத்துப் பழக்கம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் கேட்டுவிடுவோம். நான் சொல்லப்போகிறவர் மனிதர்களிடம் கேட்க மாட்டார். சொற்களிடம் கேட்பார்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது எங்கள் அச்சகம். அச்சகம் என்று பெயர்ப்பலகை சொன்னது. விளம்பர நிறுவனம் என்று விசிட்டிங் கார்டு சொன்னது. கீழே மெஷின், மாடியில் நாங்கள். கல்யாணம், காதணி விழா, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி, இந்த நான்கும் எங்களுக்குச் சோறு போட்டன. ஐந்தாவது, வீட்டுமனை விளம்பரம். அதை எழுதுகிறவன் நான். ‘காவிரிக் காற்று தாலாட்டும் மனைகள்’ என்று எழுதியிருக்கிறேன். அங்கிருந்து காவிரியைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும். ‘பேருந்து நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்’ என்றும் எழுதியிருக்கிறேன். எந்த வாகனத்தில் என்று ஒருவரும் கேட்டதில்லை. நிறையப் படித்த மனிதன் கடைசியில் இப்படித்தான் ஆகிறான் என்பதற்கு என்னை ஸ்ரீரங்கத்தில் பலர் உதாரணமாகக் காட்டுவதுண்டு.

அவர் எங்கள் புரூஃப் ரீடர். ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி. சட்டைப் பையில் சிவப்புப் பேனா, கண்ணாடிக் கூடு, மடித்த கைக்குட்டை மூன்றும் தினமும் அதே வரிசையில் இருக்கும். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை சார் என்பார். பதினோரு வருடம் இரண்டு சார்களும் எதிரெதிர் மேசையில் இருந்தோம். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், அதில் ஒற்று மிகும் மிகாது என்று அவருக்கே ஏதாவது மனக்குறை வரும்.

“சார், ஜன்னலுக்கு எந்த ஊரு தெரியுமா?” என்று ஆரம்பிப்பார். போர்ச்சுகல். அலமாரி? அதுவும் போர்ச்சுகல். சாவி? அதுவும்தான். “வீட்டையே பேத்துக் கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்திருக்கான் சார். கக்கூஸ் ஒண்ணுதான் பாக்கி. அதை டச்சுக்காரன் கொண்டாந்துட்டான்.” துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்த நாளில் மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை. யாராவது புதுச் சொல்லை வாய் தவறிச் சொல்லிவிட்டால், பெண் பார்க்கப் போனவர்களைப் போல அதன் பூர்வீகம் விசாரிக்காமல் விடமாட்டார்.

தன் பூர்வீகத்தை மட்டும் சொல்ல மாட்டார்.

டீக்கடையில், மெஷின் அறையில், எங்கே கேட்டாலும் “துறையூர் பக்கங்க” என்பார். துறையூர்ல எங்க என்றால், “பக்கம்னு சொன்னேனே.” ஸ்ரீரங்கத்தில் அவருக்கு மாடி அறை ஒன்று பார்த்துக் கொடுத்தது நான்தான். வீட்டுக்காரர் கோயில் கைங்கரியக் குடும்பம், எழுபது வயது. “அடியேன் க்ருஹத்து மாடி, அதனால கேக்கறேன். ஸ்வாமிக்கு எந்த ஊர்?” என்றார்.

“திருச்சிங்க.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி நான் பொறக்கலைங்க.”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். “விஷமமான ஆசாமியா இருக்காரே” என்று சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

பொங்கலுக்கு அச்சகமே காலியாகும். இவர் மட்டும் அந்த மாடி அறையில் அகராதியோடு உட்கார்ந்திருப்பார். ஊருக்குப் போகலையா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். “ஊருக்குப் போறதுக்கா சார் ஊர்லேருந்து வந்தேன்?” என்றார். 

ஆனால் அவருடைய போன் காட்டிக்கொடுக்கும். அதில் சத்தம் குறைக்கும் பொத்தான் பழுது. அவர் அண்ணன் கூப்பிட்டால் ஸ்ரீரங்கம் பஸ் முழுக்கக் கேட்கும். “ஏன்டா தனியா கெடந்து அல்லாடுற? வந்துடு. மாடு நாலு இருக்கு. நீ ஓட்டிக்கிட்டுப் போனீன்னா எனக்கும் ஒத்தாசை.” அண்ணன் குரலில் பாசம்தான். இவர் முகம் மட்டும் தாசில்தார் நோட்டீஸ் வந்தவர் முகம் மாதிரி ஆகிவிடும். “பாக்கலாம்ணே” என்று அணைத்துவிட்டு ஜன்னல் வழியே காவிரியில் தண்ணீரையோ மணலையோ, எது இருக்கிறதோ அதைப் பார்ப்பார்.

அதனால் அவருக்கு அந்த நாற்காலி எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அது போனால் இந்த வயதில் வேறு நாற்காலி கிடையாது. அண்ணன் வீடும் நாலு மாடும்தான். அது போகும் என்பதும் தெரிந்துவிட்டது. முதலாளி புதிதாகப் பிழை திருத்தும் மென்பொருள் வாங்கியிருந்தார். தப்பான சொல்லுக்கு அடியில் அது சிவப்புக் கோடு போடும். சம்பளம் கேட்காது, எந்த ஊர் என்றும் கேட்காது.

மென்பொருள் வந்த முதல் வாரமே ஒரு கல்யாணப் பத்திரிகை சுத்தமாக, ஒரு கோடுகூட இல்லாமல் வந்தது. இவர் வாங்கிப் பார்த்துவிட்டு முதலாளியிடம் கொண்டுபோனார். ‘மகிழ்ச்சி நிறைந்த இந்நன்னாளில்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘மகிழ்ச்சி மறைந்த இந்நன்னாளில்’ என்று இருந்தது.

“கம்ப்யூட்டர் கோடு போடலையே!” என்றார் முதலாளி.

“கம்ப்யூட்டருக்குக் கல்யாணம் ஆகலைங்க.”

“உங்களுக்கும்தான் ஆகலை.”

“அதனாலதான் முன்னாடியே கண்டுபிடிச்சேங்க.”

முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பில் இவருக்கு ஆறு மாதம் கிடைத்தது.

ஆறாவது மாதம் ஒரு வீட்டுமனைக்காரர் வந்தார். உப்பிலியபுரத்தைத் தாண்டி, பச்சைமலை கண்ணில் படுகிற இடத்தில், எண்பது ஏக்கரில் பண்ணை வீட்டு மனைகள். எங்கள் அச்சகத்துக்கு அவ்வளவு பெரிய வேலை அதுவரை வந்ததில்லை. வண்ணப் புத்தகம், பேனர், திருச்சி முழுக்க ஹோர்டிங். “இதை ஒழுங்கா முடிச்சுக் குடுத்தா எல்லாருக்கும் எல்லாம் நடக்கும்” என்றார் முதலாளி. எல்லாருக்கும் என்று சொல்லும்போது இவரைப் பார்த்துச் சொன்னார். நாற்காலி இந்த வேலையின் மேல் நிற்கிறது என்று எங்களுக்குப் புரிந்தது.

ஆங்கில வாசகத்தை மனைக்காரரின் வெளிநாட்டு மச்சான் எழுதி அனுப்பியிருந்தார். அட்டையிலேயே கொட்டை எழுத்தில்: பியூகாலிக் லிவிங்.

டைப் செய்கிற பெண்தான் முதலில் பயந்தாள். “சார், என் பையன் கைக்குழந்தையா இருந்தப்ப ஓயாம கத்துவான். டாக்டர் காலிக்னுதான் சொன்னாரு. கிரைப் வாட்டர் குடுத்தோம். இது பியூகாலிக்னு போட்டிருக்கு. அதைவிட ஜாஸ்தியா?”

முதலாளியும் கலங்கினார். “மனை வாங்குனா வயித்துவலி வரும்னு நாமளே போட்டுக் குடுக்குறதா? பத்திரம் முடிஞ்சா அது தானா வரும்.” மென்பொருளில் போட்டுப் பார்த்தோம். கோடு இல்லை. எழுத்து சரி. அர்த்தத்துக்கு அது பொறுப்பில்லை.

நிறையப் படித்தவன் என்ற பெயருக்காக நான், “கிராமிய எழில்னு அர்த்தம்” என்றேன். அது தவறில்லை. ஆனால் அவருக்கு அர்த்தம் போதாதே, ஊர் வேண்டுமே. தலையணை மாதிரியான அகராதியைப் பிரித்தார். விரலை ஓட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். பிறகு சிரித்தார். பதினோரு வருடத்தில் அவர் பல் தெரிய நான் பார்த்த இரண்டாவது சிரிப்பு.

“கிரேக்கம் சார். முன்பாதி மாடு. பின்பாதி மேய்க்கிறவன். மாடு மேய்க்கிறவனோட வாழ்க்கைதான் பியூகாலிக்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆறாங்கிளாஸ் வாத்தியார் என்னைப் பாத்து, நீ மாடு மேய்க்கத்தான்டா லாயக்குன்னாரு. அன்னிக்கு வகுப்புல பாதிப் பேருக்கு அதைத்தான் சொன்னாரு. இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா அவரு இப்ப மனை வித்திருப்பாரு.”

அதோடு விட்டாரா? அடுத்த பக்கத்தில் வில்லா என்று இருந்தது. அதையும் பிடித்தார். வில்லா என்றால் பண்ணை வீடு. அந்தப் பண்ணையில் உழைத்தவனுக்கு வைத்த பெயர்தான் தேய்ந்து வில்லன் ஆனதாம். “வீட்டுல இருந்தவன் முதலாளி. வீட்டுக்கு ஒழைச்சவன் வில்லன். அங்கயும் அப்படித்தான் இருந்திருக்கு சார்” என்றார், ஏதோ தூரத்து உறவினரைக் கண்டுகொண்டவர் மாதிரி.

தமிழ்ப் புத்தகத்துக்கு அந்தச் சொல்லைத் தமிழாக்க வேண்டும். நான் ‘பசுமை சூழ் வாழ்வு’ என்று எழுதினேன். அவர் தலையை ஆட்டினார். “பசுமை எங்க சார் வந்துச்சு? பசுதான் இருக்கு.” சமாதானத்துக்கு நான் புலமையைக் காட்டினேன். பழந்தமிழில் மாடு என்றாலே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு, செல்வ வாழ்வு என்று போட்டுவிடலாமா என்றேன்.

“மாடு வெச்சிருந்தவனுக்குத்தான் சார் அது செல்வம். மேய்ச்சவனுக்கு மாடுதான்.”

இந்தப் பேச்சை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் மனைக்காரர். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, எதற்கும் சிரிக்கிற முகம். “என்னங்க சார், மாடு கீடுங்கறீங்க? சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முதலாளி கண்ணால் என்னிடம் கெஞ்சினார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்லிவிட்டார். கிரேக்கம், மாடு, மேய்க்கிறவன், எல்லாவற்றையும்.

மனைக்காரர் கோபப்படவில்லை. தொடையில் தட்டிச் சிரித்தார். “எங்கப்பாகூட என்னை அதாங்க சார் சொன்னாரு! மாடு மேய்க்கத்தான் போறேன்னு. அமெரிக்காவுலேருந்து வர்றவங்க எல்லாம் இப்ப அதுக்குத்தான் அட்வான்ஸ் குடுக்கறாங்க. பெரிய ஆளுங்க சார் நீங்க. இவ்வளவு தெரிஞ்சிருக்கே. உங்களுக்கு எந்த ஊருங்க சார்?”

துறையூர் பக்கம் என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அந்தச் சொல் தந்த சந்தோஷமா, அல்லது அகராதியில் இருந்த மேய்ப்பவன் கொடுத்த தைரியமா, தெரியவில்லை. வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினார். சிவப்புப் பேனாவால் மனைகளின் மேல், ஒரு மூலையில் தொட்டார்.

“இங்கதாங்க. இந்தப் பாறைக்குக் கீழதான் எங்க மாடு தண்ணி குடிக்கும். எங்கன்னா, நாங்க மேய்ச்ச மாடு.”

மனைக்காரர் வரைபடத்தைப் பார்த்தார். இவர் முகத்தைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார்.

“அட! நம்ம பண்ணையில மாடு பாத்துக்கிட்டு இருந்தாரே, காது கேக்காதவரு, அவரு மவனா நீ? இங்கயா இருக்க? உங்கண்ணன் சொல்லவே இல்லையே!”

அவர் குரலில் அத்தனை பிரியம். சொந்தக்காரனைக் கண்ட பிரியம். ஆனால் ஒரு மூச்சில் மூன்று ‘சார்’ போய்விட்டன. எல்லா ‘ங்க’வும் போய்விட்டன. வயதில் பத்து வருடம் மூத்தவரை, அந்த ஒரு வினாடியில் ‘நீ’ என்று கூப்பிட அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நாக்கு தானாகத் தெரிந்துவைத்திருந்தது. பதினோரு வருடமாக இவர் எதை ஒளித்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊரையல்ல. அந்த ‘ங்க’வைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

இவர் எழுந்து நின்றுவிட்டார். தானாக எழுந்தாரா, உடம்பு எழுந்ததா, சொல்லத் தெரியவில்லை.

“உக்காரு, உக்காரு” என்ற மனைக்காரருக்கு அடுத்த நொடி யோசனை பிறந்தது. முதலாளி பக்கம் திரும்பினார். “அண்ணே! அட்டைக்கு எதுக்கு மாடல்? இவனையே நிறுத்துவோம். துண்டு, கம்பு, பக்கத்துல ஒரு மாடு. ஒரிஜினல்ணே! எங்க போனாலும் கெடைக்காது.”

முதலாளிக்கு நிம்மதியில் வியர்த்தது. “நிப்பாரு, நிப்பாரு. ஏன் நிக்க மாட்டாரு?”

மனைக்காரர் போனதும் இவர் சொன்னார்: “அந்தத் துண்டை இடுப்புலேருந்து அவுத்துத் தோள்ல போட்டு, தோள்லேருந்து எறக்கிச் சட்டை போட்டுக்கறதுக்கு எனக்கு முப்பது வருஷம் ஆச்சுங்க. நிக்க மாட்டேன்.”

“ஒரு போட்டோதானே சார்?” என்றார் முதலாளி.

“ஆமாங்க. ஒரு போட்டோதான்.”

முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். யாராவது நின்றாக வேண்டும், இல்லையென்றால் வேலை போகும், வேலை போனால் முதலில் அந்த நாற்காலி போகும் என்றார். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தியாகம் அடுத்த வாக்கியம். “நான் நிக்கறேன்” என்றேன். கொஞ்சம் ஆசையும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஹோர்டிங்கில் முகம் வருவது எழுத்தாளனுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

பச்சைமலைக்குக் கீழே ஒரு காலை வேளையில் எனக்கு மீசை ஒட்டினார்கள். தொப்பையைத் துண்டால் மறைத்தார்கள். மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். “சார், மாட்டைக் கொஞ்சம் பாசமா பாருங்க” என்றார் போட்டோகிராபர். நான் பாசமாகத்தான் பார்த்தேன். மாடு என்னைப் பார்த்த பார்வையில், ஸ்ரீரங்கத்து உறவினர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள்.

மனைக்காரருக்கு அட்டை பிடித்துவிட்டது. ஆங்கிலத்தில் பியூகாலிக், தமிழில் என் பசுமை சூழ் வாழ்வு, நடுவே நான். புரூஃப் என் எதிர் மேசைக்குப் போனது.

எங்கள் அச்சகத்தில் ஒரு நடைமுறை உண்டு. பிழை பார்த்து முடித்ததும் அவர் கடைசிப் பக்கத்தின் கீழ்மூலையில் ‘சரி’ என்று எழுதுவார். அந்த இரண்டு எழுத்து இல்லாமல் கீழே மெஷின் ஓடாது. முதலாளி போட்ட விதிதான். இந்தப் புரூஃபில் எல்லாப் பிழையும் திருத்தியிருந்தார். மூலை மட்டும் வெள்ளையாக இருந்தது. ஒரு நாள் ஆயிற்று. இரண்டு நாள் ஆயிற்று.

“எழுத்து சரிதாங்க. அர்த்தம் தப்பு. சரின்னு எழுதுனா ரெண்டும் சரின்னு ஆயிடும்.”

“அர்த்தம் கஸ்டமர் பாத்துக்குவாரு சார். உங்களுக்கு எழுத்துதானே?” முதலாளி கையெடுத்துக் கும்பிடாத குறை.

“அப்படின்னா அதுக்கு கம்ப்யூட்டர் இருக்குங்களே.”

தன் நாற்காலிக்கு எதிராக ஒரு மனிதர் தானே சாட்சி சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு எரிச்சல் வந்தது. நான் இவருக்காக மீசை ஒட்டிக்கொண்டு மாட்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். இவருக்கு ஒரு சொல்தான் பெரிதா? ‘மாடு மேய்க்கும் வாழ்வு’ என்று போட்டால் எவன் வாங்குவான்? மூன்றாம் நாள் மத்தியானம் அவர் சாப்பிடப் போயிருந்தார். கீழே மெஷின்காரர் காத்திருந்தார். மேசையில் சிவப்புப் பேனா இருந்தது. அவர் சட்டைப் பையை விட்டு அது வெளியே இருந்ததே அபூர்வம்.

எடுத்தேன். கீழ்மூலையில் எழுதினேன்.

மெஷின் ஓடிற்று. வேலை போகவில்லை, நாற்காலி போகவில்லை, எல்லாரையும் காப்பாற்றிவிட்டேன் என்று டீ சொல்லி அனுப்பினேன்.

அவர் வந்தார். மெஷின் அறைக்குப் போய் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். என் மேசைக்குக் கொண்டுவந்து வைத்தார். கோபமே இல்லை. பத்தாம் வகுப்பு விடைத்தாளைக் காட்டுகிற மாதிரி விரலால் தொட்டார்.

“ரி-யோட வளைவு எனக்கு இவ்வளவு பெருசா வராது சார். மத்தபடி நல்லாருக்கு.”

முதலாளி அந்தப் பக்கமாக வந்தவர் எங்கள் இருவரையும் பார்த்தார். தாளைப் பார்த்தார். அவருக்கு ஒன்று புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது: அந்த இரண்டு எழுத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். மாதக் கடைசியில் அவரைப் போகச் சொல்ல வேண்டிய அவசியம்கூட முதலாளிக்கு வரவில்லை. அவரே அகராதியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, டைப் செய்கிற பெண்ணிடம் பையனின் வயிறு இப்போது எப்படி என்று விசாரித்துவிட்டு, படியிறங்கினார். சத்திரத்தில் உப்பிலியபுரம் பஸ் நிற்கிற பக்கமாக நடந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். பதினோரு வருடத்தில் அந்தப் பக்கம் அவர் நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மனைகள் விற்றன. என் ஹோர்டிங் ஒரு வருடம் இருந்தது. வெயிலில் மாடு வெளுத்தது, நான் வெளுக்கவில்லை.

போன மாதம் ஒரு சொல்லில் சந்தேகம் வந்தது. என்ன சொல் என்பது முக்கியமில்லை. உண்மையில் சந்தேகமே வரவில்லை, வந்ததாக வைத்துக்கொண்டேன். அவருடைய எண்ணுக்கே போட்டேன். அண்ணன் எடுத்தார். அந்தப் போனில் இன்னும் அதே சத்தம்.

“தம்பி மாட்டை ஓட்டிக்கிட்டு மேல போயிருக்கானுங்க. வர சாயங்காலம் ஆகும். போனை வீட்டுலயே வெச்சிட்டுப் போயிடுவான். யாரு பேசறீங்கன்னு சொல்லட்டும்?”

எத்தனையோ மனைகளுக்கு நான் வாசகம் எழுதியிருக்கிறேன். இதற்கு ஒரு வரி வரவில்லை.

“ராங் நம்பருங்க” என்றேன்.